உன் பெயருக்கு நான் போட்ட கையெழுத்து

யசோ,

இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் உன் வேலை நடக்கிற சைட் வாசலுக்குப் போய் நிற்பேன். கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் என்னைக் கூப்பிடாதே. வேலை நாளில் அப்பா ஏன் தபால் பையை விட்டுவிட்டு, ஹட்டனில் பஸ் மாறி, கொத்மலை வரைக்கும் வந்து நிற்கிறார் என்று நீ பதறுவாய். அம்மா நன்றாக இருக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் காயமில்லாமல் இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவது எதுவும் கேட்க நன்றாக இருக்காது. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிட்டு, மீதிப் பாதிக்கு ஒரு சாக்குச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேற்று மத்தியானத்திலிருந்து நம் தோட்டப் பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாங்கின் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "அப்பா, கம்பஸ்ல இருந்து பட்டப்பின்படிப்புக்கு கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவ புரொபசர் சேரே நேரா போன் எடுத்தாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் வேணாம்னு சொல்லப்போறேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி என்னைய வேணாம்னு தள்ளுனவங்கதானேப்பா. இப்ப என்ன புதுசா மண்டையில மொளச்சிருச்சு? அங்க போயி பாதியில தோத்துட்டு வர்றதுக்கு, இருக்குற வேலைய பாத்துக்கிட்டு இருந்துறலாம்" என்றாய். அதோடு விட்டிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "சேர் வேற யாரையோ நெனச்சிக்கிட்டு, போன தடவ நீங்க பதிலே போடல்லியேன்னு கேட்டாருப்பா. நான் ஒண்ணும் சொல்லல. சரிங்க சேர்னு வச்சிட்டேன்."

அவர் வேறு யாரையும் நினைக்கவில்லை, மகளே. உன்னைத்தான் கேட்டார். போன தடவை அவர்கள் உன்னைத் தெரிவு செய்திருந்தார்கள். கடிதமும் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடிதம்தான் இதோடு சேர்த்து நான் கொடுத்த நீளக் கவரில் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதை நான் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நிறுத்தியிருப்பாய். நிறுத்து. பிறகு படி.

முப்பத்தொரு வருஷமாக நான் தோட்டத்துத் தபால்காரன் என்பது உனக்குத் தெரியும். வெளியாட்களுக்கு இந்த வேலை புரியாது. நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதினால் கடிதம் டவுன் தபாலகத்தில் ஒரு பெட்டியில் வந்து கிடக்கும். நான் போய் அள்ளிக்கொண்டு வந்து ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் காட்டிவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். பெரட்டுக்கு வராதவர்களுக்கு லயத்துக்கு நடந்து போய்க் கொடுப்பேன். பதிவுத் தபால் என்றால் புத்தகத்தில் தேதி, பெயர், எங்கிருந்து வந்தது என்று எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தை வாங்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. எத்தனையோ தோட்டங்களில் கடிதங்கள் ஆபீஸ் மேசை லாச்சியிலேயே மக்கிப்போன கதைகளை நீயும் கேட்டிருக்கிறாய். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் நம் மலையில் கொஞ்சமில்லை. அந்தக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நம் தோட்டத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட என் கையில் தங்கியதில்லை என்பேன். இப்போதும் ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் காது எரிகிறது.

நீ பட்டம் முடித்து வீட்டுக்கு வந்த அந்த மழைக்காலத்தை நினைத்துப் பார். லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. பதினாறு குடும்பத்தையும் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், சிங்களத்திலும் இங்கிலீசிலும் பேசினார்கள். நம் ஆட்கள் தலையாட்டிக்கொண்டு நின்றோம். நீ மட்டும்தான் அவர்களோடு மேட்டுக்கு ஏறி, தண்ணீர் எங்கே இறங்குகிறது, பழைய வடிகான் எங்கே அடைத்திருக்கிறது என்று பதிலுக்குப் பதில் பேசினாய். உன் செருப்பில் அப்பியிருந்த சேற்றை அந்தப் பெரிய அதிகாரி தன் குடைக் கம்பியால் தட்டிவிட்டதை நான் பார்த்தேன். என் மகளுக்கு! அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. லயத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "இன்ஜினியர் புள்ள இருக்குற வரைக்கும் நமக்கு பயமில்ல."

அதே சமயத்தில்தான் நீ அந்த விண்ணப்பத்தையும் போட்டிருந்தாய். மாசத்துக்கு ஒரு தடவை உன் பீடத்திலிருந்து பட்டதாரிகளுக்கு ஒரு செய்தி மடல் வருமே, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி அதைப் போனில் இறக்கிக்கொண்டு வந்து, அம்மா அரிசி களையும்போது எங்களுக்குத் தமிழில் சொல்லுவாய். ஆய்வு மாணவர்களுக்கு இத்தனை இடம், உதவித்தொகை உண்டு. உதவி விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு வருஷப் பயிற்சி. மலைச்சரிவைப் பற்றிச் சிறு கட்டுரை அனுப்பலாம். அம்மா பாதி கேட்பாள், பாதி கேட்கமாட்டாள். "ஜப்பான்ல குளிருமாடி?" என்பாள். "நம்ம நுவரெலியாவ விடவாம்மா" என்பாய். மண்ணுக்குள் தண்ணீர் எப்படிச் சேர்கிறது, அதை எப்படி வடிப்பது என்று படிக்கிற ஓர் ஆய்வுக்குத்தான் நீ விண்ணப்பித்தாய். எனக்கு அது விளங்கியது. நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பிரச்சினைதானே அது.

பதிவுத் தபாலில் அந்தக் கவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. தபாலகத்தில் வாங்கும்போதே முத்திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்; அதையும் செய்யப்போவதில்லை. ஹட்டனில் போட்டோ கொப்பி கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். உன் பெயருக்கு வந்த கவரை உனக்கு முன்னால் நான் கிழித்தேன். அவர் வாசித்துவிட்டு, "அண்ணே, மகளுக்கு கெடைச்சிருச்சுண்ணே! ரெண்டு கெழமைக்குள்ள பதில் போடணும். இங்கயே டைப் பண்ணிருவமா?" என்று எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது சந்தோஷம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. நீ போய்விட்டால் அடுத்த கிழமை அதிகாரி வரும்போது யார் பேசுவது? வீடு கட்ட வேறு நிலம் தருகிறோம் என்று சொன்னவர்களை யார் விடாமல் பிடிப்பது? இரண்டு நாள் போகட்டும், நிலத்தைக் காட்டிவிடட்டும், பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். புத்தகத்தில் உன் பெயருக்கு எதிரே கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தால் பெரிய கிளாக்கர் கேட்பார். நானே போட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் போட்ட ஒரே கள்ளக் கையெழுத்து உன் பெயருக்குத்தான்.

இரண்டு நாள் நாலு நாளாகி, ஒரு கிழமையாகியது. லயத்துக்காக என்று மட்டும் சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. நீ வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வரும்போது "இன்ஜினியர் புள்ளையோட அப்பா" என்று என்னையும் ஒரு ஆளாக மதித்தது பிடித்திருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை என்னைப் பார்த்து முதல் தடவையாக "எப்படி" என்று கேட்டார். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் உன் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படுவதற்கு எனக்கு இரண்டு வருஷம் இருந்தது, அப்போதெல்லாம் நான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

இதை விடக் கொடுமை அந்தப் பாறையில் நடந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதில் போடும் தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, "எனக்கு பயமா இருக்குப்பா, நீங்களும் வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு பாறைக்கு ஏறினாய். பீடத்து ஆபீசுக்குப் போன் எடுத்தாய். அந்தப் பக்கம் ஒரு அம்மா சிங்களத்தில், தெரிவானவர்கள் எல்லோருக்கும் கடிதம் போய்விட்டது என்றார். நீ "ஹரி மிஸ், ஸ்தூதி" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாய். அவ்வளவுதான். உன் பெயர் அதில் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. ஒரு மூச்சுக்குள் கேட்டிருக்கலாம். அந்த அம்மா பெயரைப் பார்த்துச் சொல்லியிருப்பார், என் வேஷம் அங்கேயே கலைந்திருக்கும். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்டுவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. "பரவாயில்லப்பா, அவ்வளவு பேர்ல நமக்கு எங்க கெடைக்கும்" என்று நீ என்னைத் தேற்றினாய். என் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கி வந்தாய்.

நீ ஏன் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை உன்னிடமிருந்து பிடுங்கினேன். உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒரு கடிதம் வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். அப்போதிருந்த கிளாக்கர் தலையைத் தூக்காமலே, "நாளைக்கு வா" என்றார். நான் சரிங்கய்யா என்று திரும்பினேன். நீ கால் விரலில் எம்பி நின்று, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணுங்க?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, தொலைக்காமல் வருவதற்குத் தேவையான கேள்வி. அந்த மனிதர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் உன் கையைக் கிள்ளினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். "சொன்னா சரிங்கன்னு வந்துறணும். திருப்பிக் கேக்கக் கூடாது" என்றேன். நம் ஆட்கள் ஆபீஸ் ஜன்னலில் ஒரு கேள்விக்கு மேல் கேட்டதில்லை. என் அப்பா ஒன்றுகூடக் கேட்டதில்லை. நான் ஒன்று வரைக்கும் வந்தேன். நீ இரண்டு கேட்கப் பிறந்தவள், உன்னையும் ஒன்றுக்கு இறக்கிவிட்டேன். பெரிய பெரிய பொறியியல் கணக்கெல்லாம் போட்டுவிட்டு, ஒரு போனில் பெயர் இருக்கிறதா என்று கேட்க வாய் வராமல் போனது அந்தக் கிள்ளலால்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதேதான் நடந்தது. அந்த சேர் கேட்டது உன்னைப் பற்றியா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

இத்தனையும் செய்து, நான் யாருக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேனோ அவர்களுக்காவது ஏதாவது கிடைத்ததா? நிலத்தைக் காட்டினார்கள். அடையாளக் கல் நட்டார்கள். அதோடு சரி. மழை விட்டதும் எல்லோரும் பழைய லயத்துக்கே திரும்பினோம். ஆறு மாசத்தில் நீயும் இந்தக் கொந்தராத்துக்காரரிடம் வேலைக்கு வந்துவிட்டாய். உன்னை விடக் குறையப் படித்தவர்கள் உன்னை ஏவுகிற வேலை. பௌர்ணமிப் போயா லீவுக்கு வரும்போதெல்லாம் முகம் கறுத்திருக்கும், வெயில் என்பாய். நானும் வெயில்தான் என்று அம்மாவுக்குச் சொல்லுவேன்.

போகுமுன் நீ செய்துவிட்டுப் போன வேலை ஒன்று மட்டும் நிலைத்தது. லயத்துப் பின்சுவரிலும் விழுந்திருந்த வெடிப்பின் மேல் மூன்று இடத்தில், சுவர் அசைந்தால் உடையும்படி கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே வைத்து சீமெந்தால் ஒட்டினாய். மேட்டில் வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்பு முளை அடித்தாய். "காலையில பெரட்டுக்கு போறதுக்கு முந்தி பாருங்கப்பா. முளைக்கும் முளைக்கும் எவ்வளவுன்னு அளந்து எனக்கு அனுப்புங்க. கண்ணாடி ஒடைஞ்சா மட்டும் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, எல்லாரும் உடனே எறங்கிறணும்" என்றாய். ஒரு நாள்கூட நான் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் அம்மா டேப்பைப் பிடித்தாள். அதை வைத்துத்தான் நீ கட்டுரை எழுதி அனுப்பினாய், அதைப் பார்த்துத்தான் அந்த சேர் உன்னைக் கூப்பிட்டார் என்று நீயே சொன்னாய். மலையில் குடியிருக்கிற ஒருவர் தினமும் எடுத்த அளவு எங்கேயும் இல்லை என்று சொன்னாராமே. ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டபோது ஒரு பக்கம் பெருமை, மறு பக்கம் பெட்டிக்கு அடியில் கிடந்த கவரின் நினைப்பு.

இனி திங்கட்கிழமை. இதையும் நான் மறைக்கத்தான் பார்த்தேன், அதனால் சரியாகச் சொல்கிறேன், உன் கொப்பியில் எழுதிக்கொள். காலை ஆறேகால் மணி. நடுவிலிருக்கிற கண்ணாடி இரண்டாக வெடித்திருந்தது. மற்ற இரண்டும் சேதமில்லை. முளைக்கு முளை, முந்திய நாளை விட ஏழு மில்லிமீட்டர் கூடியிருந்தது. மூன்று நாளாக விடாமல் மழை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் சொன்னால் வெள்ளிக்கிழமை வேணாம் என்று சொல்ல உனக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும், ஓடி வந்துவிடுவாய், பிறகு போகவே மாட்டாய் என்று தோன்றியது. பழைய அளவையே போட்டு, "எல்லாம் நல்லா இருக்கு" என்று உனக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆபீசில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். பதினாறு குடும்பம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

ஆபீசில் பெரிய கிளாக்கர் இன்னும் வந்திருக்கவில்லை. அங்கேயும் நான் காத்திருக்கவில்லை, சந்திக்கு நடந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை இன்னும் பலத்தது. அன்றைக்கு உன்னை நிறுத்துவதற்காக ஒன்றை மறைத்தேன். இன்றைக்கு உன்னை அனுப்புவதற்காக ஒன்றை மறைக்கிறேன். இரண்டு தடவையும் உனக்கு நல்லது எது என்று நானே தீர்மானித்து, உனக்கு வந்ததை நானே வைத்துக்கொண்டேன். இது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. சந்திக் கடையில் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். முப்பத்தொரு வருஷத்தில் தபால் பையை வழியில் விட்டது அன்றைக்குத்தான். நான் ஓடி வருவதைக் கொழுந்து மலையிலிருந்து பார்த்த அம்மா, கூடையோடு இறங்கி வந்தாள். கண்ணாடியைக் காட்டினேன். எப்போது வெடித்தது என்று கேட்டாள். சொன்னேன். "ரெண்டு மணித்தியாலமா இத வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு சுத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஒவ்வொரு காம்பராக் கதவாகத் தட்டிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக் குழந்தைகளை முதலில் இறக்கினோம். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, சாமான் எடுக்கத் திரும்பிப் போக யாரையும் விடவில்லை. இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. கிராம சேவகர் வந்தபோது யார் பேசுவது என்று நான் முழித்தேன். கடைசிக் காம்பரா செல்வி, போன வருஷம் தையல் பெக்டரியிலிருந்து திரும்பி வந்தாளே, அவள் முன்னால் போனாள். குடும்பப் பட்டியலைச் சிங்களத்தில் அவளே எழுதினாள். அவர் "ஹரி, மேலிடத்துக்கு அறிவிக்கிறேன்" என்றார். நம் ஆட்கள் தலையாட்டினோம். செல்வி நகரவில்லை. எத்தனை மணிக்கு அறிவிப்பீர்கள், யாருக்கு அறிவிப்பீர்கள், அவர்கள் வராவிட்டால் நாங்கள் யாருக்குப் போன் எடுப்பது என்று மூன்று கேள்வி கேட்டாள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினாள். பின்நேரம் அதிகாரிகள் வந்தார்கள். நீ இல்லாமல்தான் வந்தார்கள், யசோ. நீ இல்லாவிட்டால் நாங்கள் மண்ணோடு போய்விடுவோம் என்று நான் இரண்டு வருஷத்துக்கு முன் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலை இன்னும் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆபத்து போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே இப்போது யாரும் இல்லை.

கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் நேற்றுக் காலையில் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவினாள். "நீங்களே கொண்டுபோயி குடுங்க. பஸ்காரர்கிட்ட குடுத்து அனுப்பாதீங்க" என்றாள். உனக்கு ஏதாவது செய்து தரட்டுமா, கொண்டுபோகிறேன் என்றேன். "ஒண்ணும் வேணாம். இதோட எதையும் சேக்காதீங்க" என்றாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமலிருப்பதும் சரிதான்.

நீ வெள்ளிக்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தபால்காரன் கடிதத்தைக் கொடுப்பதோடு நிற்க வேண்டும், உள்ளே எழுதியிருப்பதில் அவனுக்கு வேலையில்லை. இதைப் பிறத்தியார் கடிதங்களில் சரியாகச் செய்தேன், உன் கடிதத்தில் செய்யத் தவறினேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு முடிவெடு. அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. முதல் தடவையே கேட்டார்கள். உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை. குறை உன் வீட்டில் இருந்தது. வேண்டாம் என்று சொல்வதானால், நீ தோற்றவள் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதே. எங்களைக் காட்டியும் சொல்லாதே. உனக்கே வேண்டாம் என்றால் மட்டும் சொல். அதற்கு முன் அந்த சேருக்குப் போன் எடு. நடந்ததை மறைக்காமல் சொல், என் அப்பாதான் வைத்திருந்தார் என்று சொல், எனக்காக எதையும் மூடாதே. திங்கட்கிழமை அனுப்பிய அளவு பொய், சரியான அளவு இது என்றும் சொல். பிறகு நீ கேட்க வேண்டியதையெல்லாம் கேள். உதவித்தொகை எந்த மாசத்திலிருந்து, தங்க இடம் உண்டா, நம் மலையிலேயே ஆய்வு செய்யலாமா, இடையில் நின்றால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் கேள். அவர் சரி என்று போனை வைக்கப் பார்த்தாலும் இன்னொன்று கேள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தப் பொதியில் மூன்றாவதாக ஒரு பழைய கொப்பி இருக்கும். அது ஆபீசுப் பதிவுத் தபால் புத்தகம். பெரிய கிளாக்கரிடம் கேட்டு எடுத்து வந்தேன். எதற்கு என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் வேலை நிலைக்குமா என்பதைத் துரையிடம் பேசித்தான் சொல்ல முடியும் என்றார். சரிங்கய்யா என்று திரும்பவில்லை. எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

காகிதம் மடித்து வைத்திருக்கிற பக்கத்தைத் திற. உன் பெயருக்கு நேரே உன் கையெழுத்து மாதிரி ஒன்று இருக்கும். அது என்னுடையது. அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு. அன்றைய தேதியைப் போடாதே, இன்றைய தேதியைப் போடு, நேரத்தையும் எழுது. எத்தனை நாள் பிந்திக் கிடைத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் புத்தகத்தைக் காவலாளியிடம் கொடுத்து அனுப்பு, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் கையெழுத்து வாங்காமல் நான் போகமுடியாது. மழையாக இருந்தாலும் வாசலில்தான் நிற்பேன்.

பேனா புத்தகத்துக்குள் இருக்கிறது.

அப்பா